ஜூனியர் ஆண்டில் எந்த வழி? சொந்த மாநிலம், வெளிமாநிலம், தனியார், கம்யூனிட்டி காலேஜ்: ஓர் ஒப்பீடு

அமெரிக்காவில் பிள்ளை 11ஆம் வகுப்புக்கு, அதாவது ஜூனியர் ஆண்டுக்கு, போனதுமே நம் வீடுகளில் ஒரு பதற்றம் தொற்றிக்கொள்கிறது. நாம் படித்த காலத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை. +2 மதிப்பெண் வந்தது, கட்-ஆஃப் போட்டார்கள், கவுன்சலிங்கில் நம் முறை வந்தபோது மிச்சமிருந்த இடங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டோம். இங்கே அப்படி ஒரே வரிசை கிடையாது. ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகள் விண்ணப்பித்தால் ஒருவருக்கு இடம் கிடைக்கும், மற்றவருக்குக் கிடைக்காது. இரண்டு பேருக்கும் கிடைத்தாலும் ஒரே கட்டணம் கட்டுவார்கள் என்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் பெற்றோர் கேட்டுக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான்: “நம்ம ஸ்டேட் யூனிவர்சிட்டியே போதுமா, இல்ல கஷ்டப்பட்டாவது பெரிய பெயருக்கு அனுப்பணுமா?” உண்மையில் முன்னால் இருப்பது நான்கு வழிகள்: சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகம், வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம், தனியார் பல்கலைக்கழகம், இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜில் தொடங்கிப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. ஒவ்வொரு வழியும் 11ஆம் வகுப்பில் பிள்ளையிடம் வேறு வேறு உழைப்பைக் கேட்கிறது. அதனால் ஜூனியர் ஆண்டில் கல்லூரிப் பெயர்களைப் பட்டியலிடுவதற்கு முன், எந்த வழி உங்கள் வீட்டுக்கு முதன்மை, எது மாற்று என்று தீர்மானிப்பது நல்லது என்பது என் கருத்து. அதற்குப் பணக் கணக்குதான் முதலில் தெரிய வேண்டும்.

## ஏன் 11ஆம் வகுப்பிலேயே?

விண்ணப்பம் போவது 12ஆம் வகுப்பின் தொடக்கத்தில். பல கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று திறக்கிறது. முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்குப் பெரும்பாலான இடங்களில் நவம்பர் 1 கடைசி நாள். அந்த நேரத்தில் கல்லூரியின் கண்ணில் படுகிற கடைசி முழு ஆண்டு மதிப்பெண் 11ஆம் வகுப்பினுடையது. கலிபோர்னியப் பல்கலைக்கழகம், அதாவது யுசி, ஜிபிஏ எனப்படும் மதிப்பெண் சராசரியைக் கணக்கிடுவதே 10, 11 வகுப்புப் பாடங்களை வைத்துத்தான். பரிந்துரைக் கடிதம் எழுதித் தருபவர்களும் பொதுவாக 11ஆம் வகுப்பு ஆசிரியர்கள்தான்.

இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். அவ்வளவாகச் சொல்லப்படாதது வரி ஆண்டு. கல்விக் கடன், உதவித்தொகைக்கான ஃபாஃப்சா படிவம் கேட்பது இரண்டு ஆண்டுக்கு முந்தைய வருமானத்தை. பிள்ளை 2028 இலையுதிர் பருவத்தில் கல்லூரி சேர்வதாக இருந்தால் 2026ஆம் ஆண்டின் வரிக் கணக்கைப் பார்ப்பார்கள். அதாவது 10ஆம் வகுப்பின் ஜனவரி முதல் 11ஆம் வகுப்பின் டிசம்பர் வரை. அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் கம்பெனிப் பங்குகளை விற்றாலோ, ஊரில் இருக்கும் மனையை லாபத்துக்குக் கைமாற்றினாலோ, அது அப்படியே வருமானமாக ஏறிவிடும். விற்பதை ஓராண்டு முன்பின் தள்ள முடியுமா என்று யோசிக்கக்கூடிய கடைசிச் சந்தர்ப்பம் ஜூனியர் ஆண்டின் முதல் பாதி. ஒன்றை நினைவில் வையுங்கள்: முதல் ஆண்டுக்கு இந்தக் கணக்கு, அடுத்த ஆண்டுக்கு அதற்கடுத்த வரி ஆண்டு என்று நான்கு முறை பார்ப்பார்கள். ஆகவே தள்ளிவைப்பது ஓரளவுக்குத்தான் உதவும்.

## எதை வைத்து எடை போடுவது?

கையிலிருந்து போகும் பணம். இணையதளத்தில் போட்டிருக்கும் விலையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். 2011 முதல் ஒவ்வொரு கல்லூரியும் தன் தளத்தில் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ வைத்திருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். வருமானம், சேமிப்பு விவரத்தைக் கொடுத்தால் உங்கள் குடும்பம் தோராயமாக எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிடும். சட்டைக்கும் புடவைக்கும் பேரம் பேசும் நாம் மூன்று லட்சம் டாலர் விஷயத்தில் இதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் இருப்பது விசித்திரம்தான்.

விசா, குடியிருப்பு நிலை. பிள்ளை குடியுரிமை பெற்றவரா, கிரீன் கார்டா, எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கான எச்-4 விசாவா என்பதைப் பொறுத்து நான்கு வழிகளின் வரிசையே தலைகீழாகலாம். இதைத் தனியாகப் பார்ப்போம்.

துறை உறுதி. கல்லூரியில் இடம் கிடைப்பது ஒன்று, கம்ப்யூட்டர் சயன்ஸில் இடம் கிடைப்பது வேறொன்று. சில இடங்களில் முதலிலேயே துறைக்குள் நுழையாதவர் பின்னால் மாறுவது ஏறக்குறைய நடக்காத காரியம்.

நான்காண்டுக்குப் பிறகு. மருத்துவம், சட்டம் என்று அடுத்த படிப்பு மனதில் இருந்தால் இளநிலைப் பட்டத்துக்கே எல்லாப் பணத்தையும் கரைக்கக் கூடாது. 2025இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் பெற்றோர் வாங்கும் பேரண்ட் பிளஸ் கடனுக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20 ஆயிரம், மொத்தம் 65 ஆயிரம் டாலர் என்று வரம்பு வந்துவிட்டது. பட்டமேற்படிப்புக்கு இருந்த கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்கு இல்லை; மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50 ஆயிரம், மொத்தம் 2 லட்சம் டாலர்தான். “கடன் வாங்கிப் பார்த்துக்கலாம்” என்ற பழைய பேச்சு இனி அவ்வளவு சுலபமாக எடுபடாது.

## முதல் வழி: சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகம்

பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்கு இதுதான் முதன்மை வழியாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் ஐ.டி. வேலையில் இருந்து, வருமானம் இரண்டரை லட்சம் டாலரைத் தாண்டும் வீடுகளில் குடும்ப நிலை பார்த்துத் தரும் உதவி எங்கும் பெரிதாகக் கிடைக்காது. ஆனால் ஆண்டுக்கு 90 ஆயிரம் எடுத்துவைக்கும் அளவுக்குக் கையில் பணமும் இருக்காது. இந்த நடுவாந்திர நிலையில் இருப்பவர்களுக்கு இன்-ஸ்டேட் கட்டணம், அதாவது அந்த மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம்தான் கிடைக்கும் மிகப் பெரிய தள்ளுபடி.

மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறு. டெக்சாஸில் 1997இல் வந்த சட்டம் வகுப்பில் முன்னிலையில் இருப்பவர்களுக்குத் தானாக இடம் தருகிறது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு அது முதல் 10 சதவீதம். ஆஸ்டினில் இருக்கும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு 2026 சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். ஆஸ்டின் பார்ப்பது 11ஆம் வகுப்பு முடிவில் இருக்கும் ரேங்க்கை. ஃபிரிஸ்கோ, கேட்டி போன்ற பகுதிகளில் போட்டி மிகுந்த பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இது கொடுமையான கணக்கு: 4.0 ஜிபிஏ வாங்கியும் முதல் 5 சதவீதத்துக்குள் வராமல் போகலாம். வந்தாலும் கல்லூரிக்குள் இடம் உறுதி, கேட்ட துறை உறுதியில்லை.

யுசி அப்படியில்லை. எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையே அது பார்ப்பதில்லை. கலிபோர்னியாவில் யுசியை மட்டும் குறிவைக்கும் பிள்ளை கோடை முழுக்க எஸ்ஏடி கோச்சிங் போவது வீண் செலவு. ஆனால் ஜார்ஜியா டெக், ஆஸ்டின் போன்ற அரசுக் கல்லூரிகள் மதிப்பெண்ணைக் கட்டாயமாகக் கேட்கின்றன. ஜார்ஜியாவில் ஹோப், ஜெல் மில்லர் உதவித்தொகைகள் மாநில லாட்டரிப் பணத்தில் ஓடுகின்றன. ஊரில் லாட்டரிச் சீட்டு என்றாலே முகம் சுளிக்கும் நாம் இங்கே அதன் பலனை அனுபவிக்கிறோம்; குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் மட்டும்.

இந்த வழியில் ஏபி பாடங்கள், அதாவது பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடங்கள், நேரடியாகப் பணமாக மாறும். அரசுப் பல்கலைக்கழகங்கள் பல ஏபி மதிப்பெண்ணுக்குத் தாராளமாக கிரெடிட் தருகின்றன. ஒரு செமஸ்டர் முன்னதாகப் பட்டம் முடிக்கும் பிள்ளைகள் உண்டு. கால்டெக், டார்ட்மத், பிரவுன் போன்ற தனியார் இடங்களில் அதே மதிப்பெண் பட்டத்துக்கான கிரெடிட்டாக எண்ணப்படாது. “எத்தனை ஏபி எடுக்கணும்?” என்ற கேள்விக்கு விடை, பிள்ளை எங்கே போகப்போகிறது என்பதில் இருக்கிறது.

மறைந்திருக்கும் செலவு என்றால், பெரிய வளாகங்களில் முதலாண்டு தாண்டியதும் டார்மில் இடம் கிடைப்பது கஷ்டம், வெளியே வாடகை. பெர்க்லி, ஆஸ்டின் போன்ற ஊர்களில் வாடகை டியூஷன் கட்டணத்தோடு போட்டி போடும். தேவையான பாடத்தில் இடம் கிடைக்காமல் ஐந்தாம் ஆண்டுக்கு இழுத்துவிட்டால், அந்த ஓராண்டுச் செலவோடு ஓராண்டுச் சம்பளமும் போச்சு.

## இரண்டாம் வழி: வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகம்

எனக்கு அதிகம் சந்தேகம் உள்ள வழி இது. மிச்சிகன், யுசி வளாகங்கள் போன்றவற்றில் வெளிமாநில மாணவருக்கு மொத்தச் செலவு ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலரைத் தாண்டுகிறது. யுசி 2025-26இல் வெளிமாநிலத்தவரிடம் கூடுதலாக வாங்கும் தொகை மட்டும் 37 ஆயிரம் டாலருக்கு மேல். தனியார் கல்லூரி விலை கொடுத்து, முந்நூறு பேர் உட்காரும் வகுப்பை வாங்குகிறோம். குடும்ப நிலைக்கான உதவியும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களுக்குப் போகிறது. வடக்கு கரோலினாவின் சாப்பல் ஹில் போன்ற இடங்களில் வெளிமாநிலத்தவருக்கு 18 சதவீதம்தான் என்று வரம்பும் இருக்கிறது. இந்த விலை கொடுத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம் போகிற பிள்ளை, கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு நேரடியாக எடுக்கப்படாமல் ‘அப்புறம் மாறிக்கொள்ளலாம்’ என்று கிளம்பினால், நான் வேண்டாம் என்பேன். அங்கே பின்னால் நுழைவது மிகக் கடினம்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அது பெரிய விதிவிலக்கு. நல்ல மாணவர்களை வெளியிலிருந்து இழுப்பதற்காகவே பணம் ஒதுக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. அலபாமா பல்கலைக்கழகம் ஜிபிஏ, எஸ்ஏடி மதிப்பெண்ணுக்கு ஏற்ப வெளிமாநிலத்தவருக்கும் மெரிட் தொகை தருகிறது. நேஷனல் மெரிட் என்ற தேசிய உதவித்தொகைப் போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்கு டியூஷனோடு தங்குமிடமும் சேர்த்துத் தருகிறது. நேஷனல் மெரிட்டுக்கான பிஎஸ்ஏடி தேர்வு நடப்பது 11ஆம் வகுப்பு அக்டோபரில், ஒரே ஒரு முறை. அரையிறுதிக்கு நாடு முழுவதும் சுமார் 16 ஆயிரம் பேர். கட்-ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், கலிபோர்னியா போன்ற இடங்களில் மிக உயரம். சுமாரான மாநிலத்தில் இருந்திருந்தால் நம் பிள்ளை தேறியிருக்கும் என்று நியூ ஜெர்சியின் எடிசனில் உட்கார்ந்து புலம்பும் பெற்றோரை நானும் பார்த்திருக்கிறேன், புலம்பலில் நியாயமும் இருக்கிறது. எப்படியானாலும், இந்த வழியை யோசிப்பவர்கள் பிஎஸ்ஏடிக்குக் கோடையிலேயே தயாராக வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டையும் மறக்கக் கூடாது. கைசர் போல ஒரு பகுதிக்குள் மட்டும் இயங்கும் காப்பீடு வைத்திருந்தால், வெளிமாநிலத்தில் இருக்கும் பிள்ளைக்கு அவசர சிகிச்சை தவிர மற்றது சிரமம். பல்கலைக்கழகத்தின் காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டிவரும். விமானக் கட்டணம், கோடையில் சாமான் போட்டுவைக்க வாடகை என்று சில்லறைகள் சேர்ந்துகொண்டே போகும்.

## மூன்றாம் வழி: தனியார் பல்கலைக்கழகம்

இங்கேதான் விலைப்பட்டியல் அதிகம் ஏமாற்றும், இரண்டு பக்கமும்.

மொத்தச் செலவு ஆண்டுக்கு 90 ஆயிரத்தைத் தொடுகிறது, சில இடங்களில் தாண்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு “நமக்கெல்லாம் ஆகாது” என்று ஒதுங்கும் குடும்பங்களில் சிலவற்றுக்கு உண்மையில் இதுதான் மலிவான வழி. 2025-26 முதல் ஹார்வர்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் டாலர் வரை உள்ள குடும்பங்களுக்கு டியூஷன் கட்டணம் இல்லை. 1 லட்சம் வரை என்றால் தங்குமிடம், சாப்பாடு எல்லாமே இலவசம். எம்ஐடியிலும் ஏறக்குறைய இதே அளவு. பிரின்ஸ்டன் இன்னும் மேலே போய், 2.5 லட்சம் வரை பெரும்பாலான குடும்பங்களுக்கு டியூஷன் இல்லை, 1.5 லட்சம் வரை எல்லாமே இலவசம் என்கிறது. எல்லா இடத்திலும் ஒரு நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கும்: வருமானத்துக்கேற்ற வழக்கமான சொத்துதான் இருக்க வேண்டும்.

அந்த நிபந்தனையில்தான் நம்மவர்கள் மாட்டுகிறார்கள். ஃபாஃப்சா நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் 401கே ஓய்வுச் சேமிப்பையும் கணக்கில் எடுப்பதில்லை. பெரிய தனியார் கல்லூரிகள் பலவும் கூடுதலாகக் கேட்கும் சிஎஸ்எஸ் புரொஃபைல் இன்னும் துருவிக் கேட்கும். சில கல்லூரிகள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பையும் சேர்த்துக்கொள்ளும். ஊரில் இருக்கும் சொத்தோ இரண்டிலும் காட்ட வேண்டியது. வேளச்சேரியில் வாங்கிப்போட்ட பிளாட், திருச்சிப் பக்கம் இரண்டு கிரவுண்டு மனை எல்லாம் முதலீடு என்ற தலைப்பில் வரும். வெளிநாட்டுச் சொத்து என்பதால் விலக்கு கிடையாது. ஃபாஃப்சா கணக்கில் பெற்றோர் சொத்திலிருந்து அதிகபட்சம் ஆண்டுக்கு 5.64 சதவீதம், பிள்ளையின் பெயரில் இருப்பதிலிருந்து 20 சதவீதம் கல்விக்குத் தரலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். பாசத்தோடு பிள்ளை பெயரில் போட்டுவைத்த சேமிப்பு இந்த இடத்தில் திருப்பி அடிக்கும். கல்விச் சேமிப்புக்கான 529 கணக்கில் போட்ட பணம் பெற்றோர் சொத்தாகவே எண்ணப்படும்.

இரட்டைக் குழந்தைகள் அல்லது ஓரிரு வயது வித்தியாசத்தில் இரண்டு பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இன்னொன்று. இரண்டு பேர் ஒரே நேரத்தில் கல்லூரியில் இருந்தால் கிடைத்துவந்த சலுகையை ஃபாஃப்சா 2024-25 முதல் எடுத்துவிட்டது. சிஎஸ்எஸ் கேட்கும் கல்லூரிகள் சில இன்னமும் அதைக் கவனிக்கின்றன. ஆகவே அந்தக் குடும்பங்கள் தனியார் கணக்கைக் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும்.

வருமானம் மூன்று, நான்கு லட்சம் என்றால் நிலைமை நேரெதிர். ஐவி லீக் கல்லூரிகள் மெரிட் தொகையே தருவதில்லை, குடும்ப நிலை பார்த்து மட்டும் உதவுகின்றன. உங்களுக்கு முழு விலைதான். மெரிட் தரும் தனியார் இடங்களை, உதாரணமாக வாண்டர்பில்ட், யுஎஸ்சி, கேஸ் வெஸ்டர்ன், பட்டியலில் சேர்த்தால் கொஞ்சம் வாய்ப்பு உண்டு. ஆனால் பெரிய தொகை வெகு சிலருக்குத்தான்.

அப்புறம் எர்லி டிசிஷன். இடம் கிடைத்தால் கண்டிப்பாகச் சேருவோம் என்று கையெழுத்துப் போட்டு விண்ணப்பிப்பது. பென், கார்னெல், டியூக், நார்த்வெஸ்டர்ன் போன்ற இடங்களில் இப்படி விண்ணப்பித்தால் வாய்ப்பு கூடுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். பணம் கணிசமான விஷயமாக இருக்கும் வீட்டில் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கிடைத்த உதவி போதவில்லை என்றால் விலகலாம், ஆனால் நான்கு கல்லூரிகளின் தொகையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதி போய்விடும். முழு விலையும் கட்டத் தயாராக இருப்பவருக்கும், கால்குலேட்டர் சொன்ன தொகை சரிப்பட்டுவரும் என்று உறுதியாகத் தெரிந்தவருக்கும் அது நல்ல ஆயுதம். எம்ஐடி போல கட்டுப்பாடில்லாத எர்லி ஆக்‌ஷன் உள்ள இடங்களுக்கு இந்தக் கவலை இல்லை.

11ஆம் வகுப்பில் இந்த வழி கேட்பது: கடினமான பாடங்கள், எஸ்ஏடி அல்லது ஏசிடி (எம்ஐடி, ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு எல்லாம் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன), பிள்ளையை உண்மையாகவே தெரிந்த இரண்டு ஆசிரியர்கள். மூன்றாவதுதான் கடினம். வகுப்பில் வாயே திறக்காமல் நூற்றுக்கு நூறு வாங்கும் பிள்ளையைப் பற்றி ஆசிரியர் என்ன எழுதுவார்?

## நான்காம் வழி: கம்யூனிட்டி காலேஜ், பிறகு மாற்றம்

பொங்கல் விழாவில் “பையன் எங்க சேர்ந்திருக்கான்?” என்ற கேள்விக்குக் கம்யூனிட்டி காலேஜ் என்று பதில் சொல்ல நம்மவர்கள் கூச்சப்படுகிறார்கள். இந்த வழியின் மிகப் பெரிய செலவு அதுதான் என்று சில நேரம் தோன்றும்.

கலிபோர்னியாவில் மாநில மாணவருக்கு ஒரு செமஸ்டர் யூனிட் 46 டாலர். இரண்டு ஆண்டில் 60 யூனிட் எடுத்தாலும் 2,760 டாலர். ஆறு யுசி வளாகங்கள், அதாவது டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகியவை, டேக் என்ற ஒப்பந்தப்படி நிபந்தனைகளை நிறைவு செய்பவருக்கு உறுதியாக இடம் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ அதில் இல்லை. போட்டி மிகுந்த சில துறைகளையும் விலக்கி வைத்திருக்கிறார்கள். வர்ஜீனியாவிலும் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு உறுதி ஒப்பந்தங்கள் உண்டு. நியூ ஜெர்சியில் வகுப்பில் முதல் 15 சதவீதத்தில் வருபவர்களுக்கு என்ஜே ஸ்டார்ஸ் திட்டத்தில் கவுன்டி காலேஜ் டியூஷன் இலவசம். 11 அல்லது 12ஆம் வகுப்பு முடிவில் அந்த ரேங்க் இருந்தால் போதும்.

வாஷிங்டன் மாநிலத்தில் இந்த வழி 11ஆம் வகுப்பிலேயே தொடங்கிவிடுகிறது. ரன்னிங் ஸ்டார்ட் திட்டத்தில் 11, 12 வகுப்பு மாணவர்கள் டியூஷன் இல்லாமல் கம்யூனிட்டி காலேஜில் படிக்கலாம். பள்ளிப் படிப்பு முடியும்போதே இரண்டாண்டுக் கல்லூரிப் பட்டமும் கையில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. மற்ற மாநிலங்களில் டூயல் என்ரோல்மென்ட் என்ற பெயரில் இதன் சிறிய வடிவங்கள் இருக்கின்றன.

இதன் மறைமுகச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. 16 வயதில் எடுத்த பாடத்தில் ‘சி’ வாங்கினால் அது பள்ளிப் பதிவோடு முடியாது. கல்லூரிப் பதிவில் நிரந்தரமாக நிற்கும். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில் எல்லாக் கல்லூரிப் பாடங்களின் மதிப்பெண்ணும், பள்ளிக் காலத்தில் எடுத்தது உட்பட, ஜிபிஏ கணக்கில் சேரும். டாக்டராக ஆசைப்படும் பிள்ளையை விளையாட்டாகக் கல்லூரி வேதியியலில் உட்கார வைக்காதீர்கள். அதோடு, தனியார் பல்கலைக்கழகங்கள் பல இந்தக் கிரெடிட்டை ஏற்பதில்லை. பள்ளி முடித்துக் கம்யூனிட்டி காலேஜில் முழு நேரமாகச் சேர்ந்துவிட்டால், முதலாண்டு மாணவருக்கென்று ஒதுக்கப்படும் பெரிய மெரிட் தொகைகளும் பொதுவாகக் கைநழுவிப் போகும்.

11ஆம் வகுப்பில் மனம் சோர்ந்து, மதிப்பெண் சரிந்த பிள்ளைக்கு இந்த வழி ஒரு புதிய ஏடு. மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரிப் பாடங்களின் மதிப்பெண்தான் முன்னால் நிற்கும்.

## எச்-4 பிள்ளைகள்: தனிக் கணக்கு

கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்கில் நிற்கும் குடும்பங்கள் மேலே படித்ததை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எச்-4இல் இருக்கும் பிள்ளைக்கு மத்திய அரசின் கல்வி உதவியோ கடனோ கிடையாது. கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் குடியிருப்பு விதிகளை நிறைவு செய்தால் இன்-ஸ்டேட் கட்டணம் பெறலாம். எல்லா மாநிலமும் அப்படியில்லை. தனியார் கல்லூரிகள் பல இவர்களை வெளிநாட்டு மாணவராகவே எண்ணி உதவித்தொகையை ஒதுக்குகின்றன. வெளிநாட்டவருக்கும் பணத் தேவையைப் பார்க்காமல் இடம் தந்து முழு உதவியும் செய்வதாகச் சொல்லும் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத் போன்றவை மிகச் சிலதான், அங்கே நுழைவதும் எளிதல்ல.

பெரிய சிக்கல் 21 வயது. அன்றோடு எச்-4 முடிகிறது. அதற்குள் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டும். அது பெரும்பாலும் கல்லூரியின் மூன்றாம், நான்காம் ஆண்டில் வரும். மாறிய பிறகு இன்-ஸ்டேட் கட்டணம் தொடருமா என்று சேருவதற்கு முன்பே பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: எச்-4 பிள்ளை சம்பளத்துக்கு இன்டர்ன்ஷிப் செய்ய முடியாது, வளாகத்துக்குள் வேலையும் பார்க்க முடியாது. எஃப்-1இல் வளாக வேலையும் படிப்போடு சேர்ந்த பயிற்சியும் முடியும். அதனால் சில குடும்பங்கள் முன்னதாகவே எஃப்-1க்கு மாற்றுகிறார்கள். கட்டணச் சலுகையை இழந்து வேலை அனுபவத்தை வாங்குகிற கணக்கு அது. வழக்கறிஞரிடம் பேச வேண்டிய நேரம் 11ஆம் வகுப்பு. இந்தக் குடும்பங்களுக்குப் பொதுவாக முதல் வழி முதன்மை, மெரிட் தரும் இடங்கள் மாற்று.

## ஒரே பார்வையில்

| | சொந்த மாநிலம் | வெளிமாநிலம் | தனியார் | கம்யூனிட்டி காலேஜ் |
|---|---|---|---|---|
| உண்மைச் செலவு | மிதமானது, முன்கூட்டித் தெரியும் | மெரிட் இல்லாவிட்டால் மிக அதிகம் | வருமானத்தைப் பொறுத்து இலவசம் முதல் 90 ஆயிரம் வரை | மிகக் குறைவு |
| 11ஆம் வகுப்பில் முக்கியம் | ஜிபிஏ, ரேங்க், ஏபி | பிஎஸ்ஏடி, எஸ்ஏடி | பாடக் கடினம், எஸ்ஏடி, ஆசிரியர் கடிதம் | எந்தப் பாடம் எங்கே மாறும் என்ற விசாரணை |
| துறை உறுதி | பல இடங்களில் தனிப் போட்டி | பல இடங்களில் தனிப் போட்டி | பெரும்பாலும் நெகிழ்வு | ஒப்பந்தத்தைப் பொறுத்தது |
| மறைமுகச் செலவு | வாடகை, ஐந்தாம் ஆண்டு | காப்பீடு, பயணம் | ஊர்ச் சொத்து, ஒப்பிட முடியாத எர்லி டிசிஷன் | நிரந்தர மதிப்பெண், இழந்த மெரிட் |
| எச்-4 | மாநில விதியைப் பொறுத்து நல்லது | மெரிட் விதியைப் படிக்கவும் | மிகச் சில இடங்களே | மாநில விதியைப் பொறுத்தது |

## யாருக்கு எது?

வருமானம் ஒன்றரை லட்சத்துக்குள், குடியுரிமையோ கிரீன் கார்டோ உண்டு, ஊரில் பெரிய சொத்து இல்லை, பிள்ளை மிக நன்றாகப் படிக்கிறது: தனியாரை முதன்மையாக வைத்துத் துணிந்து விண்ணப்பியுங்கள், சொந்த மாநிலம் காவலாக இருக்கட்டும். டெக்சாஸில் இருந்தால், 2025 இலையுதிர் பருவம் முதல் யூ.டி. (டெக்சாஸ் பல்கலைக்கழக) அமைப்பின் கல்லூரிகள் 1 லட்சத்துக்கு உட்பட்ட தகுதியுள்ள குடும்பங்களுக்கு டியூஷன் வாங்குவதில்லை என்பதையும் கணக்கில் சேருங்கள்.

வருமானம் மூன்று லட்சம், 529இல் கொஞ்சம்தான், இரண்டாவது பிள்ளையும் பின்னால் வருகிறது: சொந்த மாநிலம். பிஎஸ்ஏடி நன்றாக வந்தால் மெரிட் தரும் வெளிமாநிலம். மருத்துவம் மனதில் இருந்தால் இதில் இன்னும் உறுதியாக நில்லுங்கள்.

பிள்ளைக்கு எந்தத் துறை என்றே தெரியவில்லை: துறைக்குத் தனிக் கதவு வைத்திருக்கும் பெரிய அரசுப் பல்கலைக்கழகம் இவருக்குச் சங்கடம். துறை மாற்றம் எளிதாக இருக்கும் கல்லூரி, அது சொந்த மாநிலத்தின் இரண்டாம் வளாகமாக இருந்தாலும் சரி, மேல். கம்யூனிட்டி காலேஜ் மலிவாக யோசிக்க இடம் தரும், ஆனால் மாற்ற ஒப்பந்தங்கள் துறை தெரிந்தவருக்குத்தான் முழுமையாகப் பயன்படும்.

கால்குலேட்டரில் இலக்கம் போட்டுப் பார்க்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். “இவ்வளவுதான் எங்களால் முடியும்” என்ற தொகையை ஜூனியர் ஆண்டு பிப்ரவரியில் சொன்னால் பிள்ளை அதற்கேற்ற இடங்களைத் தானே தேடும். கடிதம் வந்த பிறகு சீனியர் ஆண்டு ஏப்ரலில் சொன்னால், மே 1க்குள் முடிவெடுக்க ஒரு மாதம்தான் இருக்கும்.